தொட்டி வாங்கும் முன், கயலுக்கு

என் செல்லக் கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ போனில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு பித்தளைக் கால் வைத்து, ஜன்னலோரம் பளீரென்று நிற்கிற அந்தக் குளியல் தொட்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணு, அது நிற்கிற அறை உன் பெருங்குடி வீட்டு ஹாலைவிடப் பெரிசு. உன் குளியலறை எட்டுக்கு ஐந்து, கதவு இரண்டரை அடி என்று என் அக்கா, உன் அம்மா, சொன்னது. சட்டம் போக உள்ளே கிடைக்கும் வழி அதைவிடக் குறைச்சலாகத்தான் இருக்கும். இன்றைக்கே டேப்பை எடுத்து அதை அள. லிஃப்டின் வாசலையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அள. தொட்டி நாலாம் மாடிவரை ஏறி வந்துவிட்டுக் குளியலறை வாசலில் மாட்டிக்கொண்டு, புதுக் கதவுச் சட்டத்தையே பெயர்த்தெடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ சின்னதிலிருந்தே தண்ணீர்ப் பைத்தியம். லீவுக்குப் பவானிக்கு வந்தால் ஆற்றை விட்டு ஏற மாட்டாய். உதடு நீலம் பாரித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு முங்கு மாமா" என்பாய். அம்மாயி கரையில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தும். வீட்டில் வெந்நீர் அண்டா காலியானால் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வாய். அந்தப் பெண் படித்து, சம்பாதித்து, சொந்த வீட்டில் காலை நீட்டிக் குளிக்க ஆசைப்படுகிறாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் கட்டட வேலையிலேயே தலை நரைத்த மாமா சொல்வதையும் கேட்டுக்கொண்டு வாங்கு. தொட்டி வாங்குகிறவர்கள் எல்லாம் தண்ணீர் நிரம்புவதையும் தான் உள்ளே சாய்ந்திருப்பதையும் நினைத்துக்கொண்டே வாங்குகிறார்கள். அந்தத் தண்ணீர் எப்படி வெளியே போகும், உள்ளே போன ஆள் எப்படி வெளியே வருவார் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் பார்த்த தொல்லைகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் வந்தன.

அந்த இரண்டுக்கும் வருவதற்கு முன், முதலில் கனத்தைப் பார்ப்போம். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலமுள்ள அக்ரிலிக் தொட்டி வெறுமனே முப்பது கிலோ இருக்கும். இரண்டு ஆள் தூக்கிவிடலாம். அதில் 150 முதல் 200 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்து, உள்ளே இறங்கும் ஆளையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டர் சொச்சம் இடத்தில் 250 கிலோவோ அதற்கு மேலோ உட்காரும். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று வைத்துத்தான் ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரவிதி கணக்குப் போடச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதே. அது தளம் முழுவதற்குமான கணக்கு. சுவரை ஒட்டி, பீமுக்குப் பக்கத்தில் ஒரு அக்ரிலிக் தொட்டி வந்தால் ஒழுங்காகப் போட்ட தளம் தாங்கும். நீ ஆசைப்படுகிற அந்தக் கால் வைத்த ரகம் வேறு. அது வார்ப்பிரும்பு என்றால் தண்ணீர் இல்லாமலே நூறு கிலோவைத் தாண்டும். அத்தனை பாரமும் நாலே நாலு காலில் இறங்கும். உங்கள் குளியலறையோ சங்கன் ஸ்லாப். தளத்தைப் பள்ளமாக இறக்கி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பலே ஒரு பாரம். வார்ப்பிரும்போ கல் தொட்டியோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை நேரில் கூட்டிவந்து காட்டாமல் முன்பணம் கொடுக்காதே.

என்னைக் கேட்டால் அக்ரிலிக் போதும். பின்பக்கம் ஃபைபர் கிளாஸ் பூசிக் கெட்டியாக்கியிருப்பார்கள். உடம்பு பட்டால் ஜில்லென்று இருக்காது, லேசான கீறலைத் தேய்த்துச் சரிபண்ணலாம். எனாமல் பூசிய இரும்புத் தொட்டி பளபளப்பாக இருக்கும். கனமாக ஏதாவது கை தவறி விழுந்து எனாமல் தெறித்துவிட்டால் அந்த இடத்திலிருந்து துரு கிளம்பும். எதை வாங்கினாலும் கடையில் வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கு. நடுவில் நின்று அழுத்திப் பார். அடிப்பாகம் உள்வாங்கினால் வேண்டாம். பிறகு படுத்துப் பார். நீ ஐந்தடி ஒரு அங்குலம். ஆறடித் தொட்டியில் உன் கால் எதிர்ப்பக்கத்தைத் தொடாது. கால் எட்டாவிட்டால் உடம்பு வழுக்கி வழுக்கித் தலை தண்ணீருக்குள் போகும். மாப்பிள்ளைக்குக் கால் மடங்கினால் மடங்கட்டும், ஐந்தடியே எடு. கடைக்கு அக்காவையும் கூட்டிப் போ. அது முட்டி வலியோடு விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுக்கட்டும். எந்தத் தொட்டியில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி ஏறுகிறதோ அதுதான் உங்கள் வீட்டுத் தொட்டி. விளிம்பு உயரம் ஒன்றரை அடியைத் தாண்டினால் சந்தேகப்படு.

ஜெட் வைத்தது வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அந்தச் சங்கதி பிறந்ததே ஒரு அப்பாவின் கவலையில்தான். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பம் ஜக்குஸி. விவசாயப் பம்பு செய்கிறவர்கள். கேண்டிடோ ஜக்குஸி என்பவர் மூட்டுவாதத்தில் துடித்த தன் சின்ன மகனுக்காகத் தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் பம்பைச் செய்தார். அதே குடும்பத்து ராய் ஜக்குஸி 1968இல் பம்பைத் தொட்டிக்குள்ளேயே பொருத்தி விற்கத் தொடங்கினார். நல்ல நோக்கத்தில் பிறந்த பொருள்தான். ஆனால் அதன் குழாய்களுக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும். சோப்பும் அழுக்கும் அங்கே படியும். உங்களுக்கு வருவது போர் தண்ணீர், துவாரங்களில் உப்புக் கட்டும். மாதம் தவறாமல் கழுவும் பொறுமை உனக்கு இருந்தால் வாங்கு. மீன்தொட்டி வாங்கி என்ன ஆனது என்று நான் கேட்க மாட்டேன்.

தண்ணீர்க் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்து 135 லிட்டர் என்பது அரசாங்கத் திட்டக் கணக்கு. உன் தொட்டி ஒரு தடவை நிரம்பினால் அதைவிட அதிகம். 2019 கோடையில் தண்ணி லாரிக்காக உங்கள் அடுக்ககத்தில் நடந்த சண்டையை நீதான் எனக்கு வர்ணித்தாய். அதனால் தினம் தினம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், அதுவும் பாதித் தொட்டி. மற்ற நாளுக்கு வாளியும் சொம்பும் இருக்க வேண்டும். தொட்டி வைத்த பிறகும் ஒரு ஆள் மணை போட்டு உட்கார்ந்து குளிக்க மூன்றடிக்கு மூன்றடி இடம் மிஞ்சுகிறதா என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார். மிஞ்சாது என்றால், கண்ணு, தொட்டி ஆசையைத் தள்ளிப்போடு. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கீசரும் போதாது. சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வை. கீசரில் 60 டிகிரி. இரண்டையும் கலந்து 38 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உன் 15 லிட்டர் கீசர் கொடுப்பது ஐம்பது லிட்டருக்குக் கீழே, முழங்கால் நனையும். 25 லிட்டர் கீசர் என்றால் எண்பது லிட்டர், பாதித் தொட்டி. அது போதும். வேகமாகச் சூடாகும் என்று யாராவது கேஸ் கீசரைக் காட்டினால் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதே. மூடிய அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எரிச்சலும் கிடையாது. தொட்டியில் சாய்ந்திருப்பவர் தூங்குவதாகவே வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நம் நாட்டில் வருஷா வருஷம் இதில் உயிர் போகிறது.

இனி வேலைக்கு வருவோம். இங்கேதான் உனக்குப் பொறுமை வேண்டும், பிளம்பரிடம் கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும். முதலில் வாட்டர் புரூஃபிங். தரையில் மட்டும் பூசினால் போதாது, தொட்டி உட்காரும் சுவரில் விளிம்புக்கு மேலேயும் ஏற வேண்டும். பூசிக் காய்ந்த பிறகு கழிவு வாயை அடைத்துவிட்டு, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடு. மூன்றாம் மாடிக்காரரிடம் முன்னாலேயே சொல்லி, அவர் வீட்டுக் கூரையை அவரையே பார்க்கச் சொல். நான் வேலை பார்த்த ஒரு அடுக்ககத்தில் அவசரப்பட்டு இந்த இரண்டு நாளை மிச்சம் பிடித்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கீழ் வீட்டுப் பூஜை அறையில் சொட்டியது. டைல்ஸ் அத்தனையும் உடைத்தார்கள், தொட்டியையும் அறுத்துத்தான் எடுத்தார்கள். மொகஞ்சதாரோவில் பன்னிரண்டு மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலத்தில் பெரிய குளியல் தொட்டி ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். நாலாயிரம் வருஷத்துக்கும் முன்னால் அதைக் கட்டியவர்கள் செங்கல்லுக்குப் பின்னால் கீல் பூசித் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடத் தொழிலில் அந்தப் பொறுமைதான் முதல் பாடம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது மட்டம். தொட்டியின் நாலு விளிம்பிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல். கழிவு வாயை நோக்கிச் சரிவு தொட்டிக்குள்ளேயே செய்திருப்பார்கள், அதனால் விளிம்பு துல்லியமாக மட்டத்தில் இருந்தால் போதும். கொத்தனார் "தண்ணி ஓடணும்ல" என்று தன் கணக்குக்கு ஒரு பக்கம் சாய்த்துவிடப் பார்ப்பார், விடாதே. அடியில் கால்கள் மட்டும் தாங்கினால் நாளடைவில் நடுப்பகுதி தொய்யும். அதனால் அடிப்பாகத்துக்குக் கலவை மெத்தை போடலாமா என்று தயாரித்தவர்களின் தாளைப் பார்த்து முடிவு பண்ணு. கழிவுக் குழாய் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது, டிராப்பில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும்; அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. தொட்டிக் கழிவைத் தரையிலுள்ள நானி டிராப்பில் கொண்டுபோய் விட்டால், அடைப்பானைத் திறந்ததும் நூறு லிட்டரும் ஒரே மூச்சில் வந்து தரையில் பொங்கலாம். சரிவையும் குழாய் அளவையும் பார்த்துச் செய்யச் சொல்.

டைல்ஸ் வைத்துத் தொட்டியின் முன்பக்கத்தை மூடுவதற்கு முன், அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பு. மேலே உள்ள ஓவர்ஃப்ளோ ஓட்டைவரை தண்ணீர் நிரப்பி, ஒரு மணி நேரம் விட்டு, மொத்தத்தையும் திறந்து விடு. தாளில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் எந்த மூட்டு கசிகிறது என்று தெரிந்துவிடும். முன்பக்கத்தை மூடும்போது கழிவுக் குழாய்க்கு நேராக, கை நுழையும் அளவுக்குத் திறக்கிற கதவு ஒன்று கட்டாயம் வை. "அசிங்கமா இருக்கும் மேடம்" என்பார்கள். இருக்கட்டும். சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே சிலிக்கான் வைக்கும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு வைக்கச் சொல். காலித் தொட்டியில் வைத்தால், பிறகு பாரம் ஏறித் தொட்டி நூலளவு இறங்கும்போது சிலிக்கான் கிழிந்துவிடும், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் பின்னால் போகும். குழாயின் வாய் தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு அங்குலமாவது உயர்ந்து இருக்கட்டும். கை ஷவரைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு வராதே. மேலே டேங்க் காலியாகும்போது அழுக்குத் தண்ணீரைக் குழாய் திருப்பி உறிஞ்ச வாய்ப்பு உண்டு.

மின்சாரத்துக்கு, கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கும் வேலையை மாப்பிள்ளையிடம் கொடு. கீசர் சுவிட்ச் வெளியே இருக்கட்டும். சார்ஜில் போட்ட போனோடு தொட்டிக்குள் உட்கார மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடு.

கயல், இப்போது நம் குட்டிப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான். ஒன்றரை வயசு, எட்டிப் பார்க்கிற, ஏறிப் பார்க்கிற வயசு. அந்த வயசில் தலை கனம், உடம்பு லேசு. எட்டிப் பார்க்கும்போது தலைகீழாகக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். சினிமாவில் காட்டுவதுபோல் கத்தி, கையை அடித்துக்கொண்டு எல்லாம் முழுக மாட்டார்கள். சத்தமே வராது. அவன் தொட்டியில் இருக்கும்போது உன் கை அவனைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். காலிங் பெல் அடித்தால் அடிக்கட்டும். போகத்தான் வேண்டும் என்றால் அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டே போ. உறிஞ்சிப் பிடிக்கும் குளியல் நாற்காலி என்று விற்கிறார்கள், அதை நம்பி நகராதே. எப்போதும் குளிர்ந்த தண்ணீரை முதலில் திற, பிறகு வெந்நீர். முழங்கையை விட்டு, கையால் நன்றாகக் கலக்கிப் பார். 37, 38 டிகிரிக்கு மேல் அவனுக்கு வேண்டாம். கீசரிலிருந்து வரும் 60 டிகிரித் தண்ணீர் சில நொடியிலேயே பிஞ்சுத் தோலை வேகவைத்துவிடும்.

குளித்து எழுந்ததும் முதல் வேலை அடைப்பானைத் திறப்பது. தலை துவட்டுவதற்கும் முன்னால். "நாளைக்கு லாரி வராது, தொட்டியில் பிடித்து வைப்போம்" என்று ஒரு நாள் உனக்கே தோன்றும். செய்யாதே. பிள்ளை இருக்கும் வீட்டில் திறந்த தொட்டியில் தண்ணீர் நிற்கவே கூடாது. ஒரு வாரம் பத்து நாள் நின்றால் டெங்குக் கொசு அதிலேயே வளர்ந்து பறந்துவிடும். ஊருக்குப் போகும்போது தொட்டியின் மூலையில் ஒரு கை அளவு தண்ணீர்கூடத் தங்காமல் துடைத்துவிட்டுப் போ. குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடு. உள்தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற ரகமாக இருக்கட்டும், அது அக்காவுக்காக.

அக்காவுக்குப் பிடிமானக் கம்பி ஒன்று வேண்டும். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது ஆள் பாரத்துக்குச் செய்தது இல்லை. வழுக்கும் நேரத்தில் கம்பியும் ஆளும் சேர்ந்துதான் வரும். கை சுற்றிப் பிடிக்கிற கனத்தில், சுவரில் ஆழமாக ஆங்கர் போல்ட் இறக்கி, ஒன்று குறுக்காகவும் ஒன்று நெடுக்காகவும் போடு. உங்கள் சுவர் லேசான பிளாக் கல் என்றால் அதற்கென்று தனி ஆங்கர் இருக்கிறது, கேட்டு வாங்கு. போட்ட பிறகு மாப்பிள்ளையை முழுப் பாரத்தோடு இழுத்துப் பார்க்கச் சொல். தொட்டிக்குள் ரப்பர் மேட் போடுங்கள்; குளித்ததும் எடுத்துத் தொங்கவிடுங்கள், விட்டால் அடியில் பாசி பிடிக்கும். அக்கா இறங்கும்போது முதலில் விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுக்கட்டும். எழும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, அது வடிந்த பிறகு, மெதுவாக எழட்டும். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரியும். சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அக்கா பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறது. தொட்டிக் குளியலிலேயே ஊறிய ஜப்பானில்கூடக் குளிர்காலத்தில் வயசானவர்கள் தொட்டியில் மயங்கிப் போவதைப் பார்த்து, 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

எண்ணெய்க் குளியல் தொட்டிக்குள் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் மணையில் உட்கார்ந்தே தேய்த்துக் குளியுங்கள். அக்ரிலிக்கில் நல்லெண்ணெய் பட்டால் கால் நிற்காது. சீயக்காய்த் தூளும் தலைமுடியும் சேர்ந்தால் டிராப்பில் அடைக்கும் உருண்டையை எந்தக் கம்பியும் எளிதில் இழுக்காது. உப்புக் கறை தெரிந்தால் ஆசிட் ஊற்றாதே, கம்பி நாரும் போடாதே. எலுமிச்சைச் சாறோ வினிகரோ துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்து, மிருதுவான துணியால் துடை.

நீ இதையெல்லாம் பாதி படித்துவிட்டு "மாமா ஆரம்பிச்சிட்டார்" என்று மாப்பிள்ளையிடம் போனை நீட்டுவாய், தெரியும். நீட்டு. அவர் நிதானமாகப் படிப்பார். கதவளவு, லிஃப்ட் அளவு, சுண்ணாம்புக் கோட்டுக்கு மிச்சமான இடம், இவை மூன்றையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பிளம்பர் வருகிற தேதியை ஒரு வாரம் முன்னால் சொன்னால் நான் ஈரோட்டிலிருந்து ரயிலேறி வருகிறேன். செய்தித்தாள் பரப்பித் தண்ணீர் விடும் அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவரை முன்பக்கத்தை மூட வேண்டாம் என்று டைல்ஸ்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவை. அக்காவுக்கு முட்டித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

உன்
மாமா